கூண்டு முதலில், எஞ்சின் அப்புறம்

செந்தூல்,
கோலாலம்பூர்.

அன்பு மகள் புனிதாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். நீ வாட்சாப்பில் அனுப்பிய படங்களையெல்லாம் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். போனில் சொன்னால் "சரிப்பா, சரிப்பா" என்று சீக்கிரம் முடித்துவிடுவாய். இது அப்படி முடிக்கிற பேச்சு இல்லை என்பதால் உட்கார்ந்து எழுதுகிறேன். மாப்பிள்ளையையும் படிக்கச் சொல்.

நம் பழைய கான்சில் காரைப் பிரித்து, மணல்காட்டில் ஓட்டும் பகி வண்டி கட்டுகிறாய் என்று கேட்டதும் அம்மாவுக்குத்தான் மனசு கேட்கவில்லை. பிள்ளையைப் பள்ளிக்கூடத்துக்கு ஏற்றிப்போன வண்டியாச்சே என்று கொஞ்ச நாள் முகத்தைத் தூக்கி வைத்திருந்தாள். எனக்கு அப்படி எதுவும் இல்லை. வாசலில் நின்று துருப்பிடிப்பதைவிட உன் கையில் இன்னொரு வண்டியாக எழுந்து ஓடட்டும். உள்ளதைச் சொன்னால், படத்தில் நீ கிரைண்டர் பிடித்து நிற்பதைப் பார்த்து எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. செந்தூல் ரயில்வே பட்டறையில் நான் இரும்போடு கிடந்த காலத்தில் என் மகள் இந்த வேலையைக் கையில் எடுப்பாள் என்று நினைத்துப் பார்த்ததில்லை. பினாங்குத் தீவில் பயான் லெப்பாஸில் நாள் முழுக்க கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்துவிட்டு, பாலம் கடந்து வீடு வந்து, ராத்திரியில் பைப் அறுக்கிறாய். அந்த ஆர்வத்தை நான் ஒருநாளும் தடுக்க மாட்டேன்.

ஆனால் தீபாவளி லீவுக்குள் ஓட்டிவிட வேண்டும் என்று எழுதியிருந்தாயே, அந்தத் தேதியை மட்டும் விட்டுவிடு, மா. வண்டி உருண்டால் ஆளைக் காக்கிற பைப் கூண்டு அது, தேதி வைத்துக்கொண்டு கட்டக்கூடாது. எஞ்சின் வேலையை அவசரப்பட்டுச் செய்தால் வண்டி ஸ்டார்ட் ஆகாது, அவ்வளவுதான். கூண்டை அவசரப்பட்டுக் கட்டினால் அது நன்றாகத்தான் தெரியும். வண்டி உருளும் நாளில்தான் அதன் லட்சணம் வெளியே வரும்.

மூன்றாவது படத்தில், செருப்பு ஸ்டாண்ட் பக்கத்தில் சாய்த்து வைத்திருக்கும் பைப்பைப் பார்த்தேன். பளபளவென்று வெள்ளையாக இருக்கிறது. அது ஜிஐ பைப். தண்ணீர்க் குழாய்க்கும் பந்தல் காலுக்கும் அது போதும், ஆள் உட்காரும் கூண்டுக்கு ஆகாது. அதன்மேல் பூசியிருப்பது துத்தநாகம். வெல்டிங் நெருப்பு பட்டால் அது வெள்ளைப் புகையாகக் கிளம்பும். அந்தப் புகையைப் பிடித்தவனுக்கு அன்று ராத்திரியே குளிர்காய்ச்சல் வந்துவிடும். உடம்பெல்லாம் வலிக்கும், வாயில் ஒரு இனிப்புக் கசப்பு நிற்கும். பட்டறையில் பால் குடித்தால் சரியாகிவிடும் என்பார்கள். பால் ஒன்றும் செய்யாது, புகையைப் பிடிக்காமல் இருப்பதுதான் மருந்து. வெளிப்பூச்சைத் தேய்த்து எடுத்துவிடலாம் என்று மாப்பிள்ளை சொல்வார். பைப்பின் உள்பக்கம் இருப்பதை யார் சுரண்டுவது? அந்தத் துத்தநாகம் ஒட்டுக்குள் புகுந்து உள்ளே சின்னச் சின்னக் குமிழாக நிற்கும். மேலே பார்த்தால் அழகான ஒட்டு, உள்ளே சல்லடை. அந்தப் பைப்பைத் திருப்பிக் கொடுத்துவிடு. கடைக்காரர் எடுக்கவில்லை என்றால் அம்மாவின் ரோஜாச் செடிக்குப் பந்தல் போடலாம், எனக்கு அனுப்பு.

கூண்டுக்கு வேண்டியது ஒட்டு இல்லாமல் இழுத்த பைப். இரும்புக் கடையில் 'சீம்லெஸ்' என்று கேட்டாலே எடுத்துக் காட்டுவார்கள். உலகப் பந்தய விதிப்படி, ராலி கார்களில் ஓட்டுநர் தலைக்குப் பின்னால் வரும் பெரிய வளையத்துக்கு 45 மி.மீ. விட்டம், 2.5 மி.மீ. கனம். அல்லது 50 மி.மீ. விட்டம், 2 மி.மீ. கனம். மற்றக் குழாய்களுக்கு 38 மி.மீ., 2.5 கனம். கல்லூரிப் பிள்ளைகள் கட்டும் பாஜா எஸ்ஏஇ வண்டிக்கு 25.4 மி.மீ. விட்டமும் சுமார் 3 மி.மீ. கனமும் போதும் என்று நீ படித்திருப்பாய். ஆனால் பல வருடமாக அவர்கள் வைத்து ஓட்டியது 10 குதிரைத்திறன் சின்ன எஞ்சின். உன்னுடையது 660 சிசி கார் எஞ்சின், ரெண்டு பேர் உட்காரப் போகிறீர்கள். ராலி கணக்கையே எடுத்துக்கொள். நூறு இருநூறு வெள்ளி கூடப் போகும், போகட்டும். வேண்டுமானால் நான் தருகிறேன். எஞ்சினுக்கு ஒரு காசு தரமாட்டேன், பைப்புக்கும் பெல்ட்டுக்கும் பிரேக்குக்கும் கேட்டதைத் தருவேன்.

வளைக்கும்போது, பைப் விட்டத்தின் மூன்று மடங்குக்குக் குறையாத ஆரம் வை. அதைவிட நெருக்கினால் உள்வளைவு சுருங்கி மடிந்துவிடும், வெளிவளைவு மெலிந்துபோகும். வளைக்கும் மெஷின் உள்ள பட்டறையில் கொடுத்து வளைத்துக்கொள். மணல் நிரப்பிச் சூடாக்கி வீட்டிலேயே வளைப்பதெல்லாம் வாசல் கேட்டுக்கு சரி, கூண்டுக்கு வேண்டாம்.

அடுத்து, பைப்பின் வாயை வெட்டுவது. உன் படத்தில் நேராக அறுத்து, இடைவெளியை ஒட்டாலேயே நிரப்பியிருக்கிறாய். உருண்டைப் பைப்பின் மேல் இன்னொரு உருண்டைப் பைப் உட்கார வேண்டுமென்றால், அதன் வாயை மீன் வாய் மாதிரி வளைவாக வெட்ட வேண்டும். கணக்குப் போட்டுப் பேப்பரில் அச்சு எடுத்து, பைப்பைச் சுற்றி ஒட்டி, சாக்கட்டியால் கோடு போடு. கிரைண்டரில் கோட்டுக்குக் கொஞ்சம் உள்ளேயே நிறுத்து. மிச்சத்தை அரை வட்ட அரத்தால் ராவு. ராவி ராவி வைத்துப் பார், மறுபடி எடுத்து ராவு. கடைசியில் பைப்பை உட்கார வைத்துப் பின்னால் டார்ச் லைட் பிடி. வெளிச்சம் நூல் அளவுகூட வரக்கூடாது. வருகிற இடத்தில் பேனாவால் புள்ளி வை, எதிர்ப்பக்கத்தை ஒரு இழுப்பு ராவு. இந்த வேலையில் ஒரு மூட்டுக்கு அரை நாள் போனாலும் போகட்டும். அப்படி உட்கார்ந்த மூட்டை ஒட்டுவது சுலபம், ஒட்டு தானாக ஓடும். இடைவெளியை நிரப்புகிற ஒட்டில் பலம் இருக்காது, அது வெறும் பூச்சு.

முழு ஒட்டு உடனே போடாதே. கூண்டு முழுவதையும் முதலில் டாக் அடித்து, அதாவது புள்ளி புள்ளியாக மட்டும் ஒட்டி, நிறுத்து. மூட்டுக்கு நாலு புள்ளி போதும். நூல் பிடித்துக் குறுக்கு அளவு பார், இடது மூலையிலிருந்து வலதுக்கும் வலதிலிருந்து இடதுக்கும் ஒன்றாக வர வேண்டும். அப்புறம் ஒரு மூட்டில் கொஞ்சம், எதிர் மூலையில் கொஞ்சம் என்று மாற்றி மாற்றி ஒட்டு. ஒரே பக்கமாகப் போட்டுக்கொண்டே போனால், ஆறும்போது இரும்பு அந்தப் பக்கம் இழுக்கும், கூண்டு கோணிவிடும்.

உன் மிக் வெல்டிங் மெஷின் நல்ல மெஷின்தான், வாயுவை ஊதி ஒட்டைக் காக்கிறது. ஆனால் கார் போர்ச் மூன்று பக்கமும் திறந்து கிடக்கிறது. மழைக்கு முன்னால் அடிக்கிற காற்றில் அந்த வாயு பறந்துவிடும், ஒட்டு முழுக்க ஓட்டை விழும். ஃபேனைப் பக்கத்தில் வைத்தாலும் அதே கதைதான். தடித்த கேன்வாஸ் கட்டி மறை. காற்றுக்கு மட்டுமில்லை, பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் கேட்டைப் பிடித்துக்கொண்டு வேடிக்கை பார்ப்பது ஒரு படத்தில் தெரிகிறது. அந்த வெளிச்சம் அவர்கள் கண்ணில் பட்டால் ராத்திரி முழுக்க மணலைக் கொட்டினாற்போல் உறுத்தும். அது நம் பொறுப்பு.

பெட்ரோல் டேங்கை வெளியே எடுத்துத் தூரமாக வைத்துவிட்டுத்தான் நெருப்பைத் தொட வேண்டும். காலி டேங்க்தான் நிறைந்த டேங்கைவிட ஆபத்து, உள்ளே ஆவி நிற்கும்.

எஞ்சின் விஷயத்தில் நீ யோசித்தது சரி. கான்சிலின் முன்சக்கர செட்டை எஞ்சின், கியர்பாக்ஸ் எல்லாவற்றோடும் திருப்பாமல் அப்படியே பின்னுக்குக் கொண்டுபோ. திருப்பினால் ஒரு கியரும் பல கியர் ரிவர்ஸும் உள்ள வண்டிதான் கிடைக்கும். அந்த செட்டோடு பின்னால் வந்துவிடும் ஸ்டீரிங் கம்பியைக் கூண்டோடு சேர்த்து அசையாமல் கட்டிவிடு.

ஆனால் பிரேக்கைப் பற்றி நீ ஒரு வார்த்தை எழுதவில்லை. கான்சிலில் முன்னால் டிஸ்க், பின்னால் ட்ரம். செட் பின்னால் போனால் டிஸ்க்கும் கூடவே போய்விடும். முன்சக்கரத்தில் ட்ரம்மை வைத்துக்கொண்டு இறக்கத்தில் பிரேக் மிதித்தால் என்ன ஆகும்? வண்டியின் எடை முன்னால் சாயும், பின்பக்கம் லேசாகும், லேசான பக்கம்தான் பலமாகப் பிடிக்கும். பின்சக்கரம் முதலில் இறுகி, வண்டி சுழன்று குறுக்கே நின்றுவிடும். இன்னொரு கான்சிலின் முன் சக்கர செட் பழைய இரும்புக் கடையில் கிடைக்கும், அதை வாங்கி முன்னாலும் டிஸ்க் போடு. பின்னால் போகும் எண்ணெய் அழுத்தத்தைக் குறைக்கும் வால்வு ஒன்றையும் நடுவில் வை. ஹேண்ட்பிரேக் பழைய ட்ரம்மில்தான் இருந்தது, அதற்கும் ஒரு வழி செய். மேட்டில் வண்டியை நிறுத்த அது இல்லாமல் முடியாது.

பகி என்றாலே பெரிய எஞ்சின் என்று உன் நண்பர்கள் சொல்கிறார்கள் என்று எழுதியிருந்தாய். அவர்களிடம் புரூஸ் மேயர்ஸ் கதையைச் சொல். கலிஃபோர்னியாக்காரர், படகு கட்டிய கை. 1964-ல் ஃபைபர்கிளாஸில் ஒரு உடம்பு வார்த்து, வோல்க்ஸ்வாகன் பீட்டில் சாமான்களைப் போட்டு பகி கட்டினார். பீட்டில் எஞ்சின் என்ன பெரிய எஞ்சினா? 1967-ல் அவரும் டெட் மேங்கல்ஸும் மெக்சிகோவில் லா பாஸிலிருந்து டிஹுவானா வரை பாலைவனம், கல், மணல் எல்லாம் தாண்டி 34 மணி 45 நிமிடத்தில் வந்து சேர்ந்தார்கள். மோட்டார் சைக்கிள் சாதனையை 5 மணி நேரம் முந்திவிட்டார்கள். வண்டி லேசு, எஞ்சின் எடை பின்சக்கரத்தின் மேல், அதனால் மணலைப் பிடித்துக்கொண்டு போனது. உன் வண்டியும் அதே ஜாதிதான். மூன்று சிலிண்டர் போதும்.

ஓட்டும் இடத்தையும் இப்போதே பேசிவிடுவோம். அது ரோட்டுக்கு வரக்கூடாது, குடியிருப்புத் தாமானுக்குள் ஒரு சுற்றுகூட வேண்டாம். பதிவும் ரோட் டேக்ஸும் இல்லாத வண்டி. சாலைப் போக்குவரத்து இலாகாவில் பழைய கான்சிலின் பதிவை ரத்து செய்யும் வேலையையும் முடித்துவிடு, கார்டு என் பெயரில்தான் இருக்கிறது, கையெழுத்து வேண்டும். கம்பார் பக்கம் பழைய வெள்ளீயச் சுரங்க லம்பத்து மணல்காட்டில் ஓட்டப் போகிறோம் என்றாய். நல்ல இடம். 1985-ல் ஈய விலை விழுந்து பல லம்பங்கள் மூடியபின் அங்கே நிறைய நிலம் மணலாகவே கிடந்தது. ஆனால் நிலத்துக்காரரிடம் அனுமதி வாங்கு, லோரியில் ஏற்றிக்கொண்டு போ. குட்டையோரம் மணல் மேலே காய்ந்திருக்கும், உள்ளே சேறாக இருக்கும். முதலில் நடந்து பார்த்துவிட்டுத்தான் சக்கரத்தை விட வேண்டும்.

இப்போது எனக்கு வேண்டியதைச் சொல்கிறேன். அடுத்த மாதம் ஈடிஎஸ் ரயிலில் பட்டர்வொர்த் வருகிறேன். அதற்குள் கூண்டு டாக் அடித்து நிற்கட்டும், முழு ஒட்டு ஒன்றுகூடப் போடாதே. அதே பைப்பில் மிச்சத் துண்டுகளை எடுத்து மூட்டு மூட்டாக ஒட்டிப் பழகு. ஒட்டியதை நடுவில் அறுத்து உள்ளே பார், இன்னொன்றை வைஸில் மாட்டிச் சுத்தியலால் அடி. ஒட்டு விடாமல் பைப் வளைய வேண்டும். எனக்குத் தொழில் சொல்லிக்கொடுத்த மூத்தவர் இப்படித்தான் செய்வார், ஒட்டு விட்டால் அன்றைக்கு நிஜ வேலையில் கைவைக்க விடமாட்டார். அடித்த துண்டுகளைத் தூக்கிப் போடாமல் வைத்திரு, நான் வந்து பார்க்க வேண்டும். பெரிய வளையத்து மூட்டுகளை நீதான் ஒட்டப் போகிறாய், நான் பக்கத்தில் நிற்பேன்.

அளவும் வேண்டும். நீயும் மாப்பிள்ளையும் சீட்டில் ஹெல்மெட் போட்டு, பெல்ட் இறுக்கி உட்காருங்கள். சீட்டிலிருந்து ஹெல்மெட் உச்சி வரை, முதுகிலிருந்து முட்டி வரை, தோளிலிருந்து ஸ்டீரிங் வரை. உயரம் மாப்பிள்ளையை வைத்து, பெடல் தூரம் உன்னை வைத்து. ஹெல்மெட்டுக்கும் மேல்கம்பிக்கும் நடுவில் என் உள்ளங்கை அகலமாவது இருக்க வேண்டும். எழுதி அனுப்பினால் மேல்கம்பி எங்கே வரவேண்டும் என்று இங்கேயே வரைந்து எடுத்து வருவேன்.

உனக்கு ஒரு புது வெல்டிங் முகமூடி வாங்கி வைத்திருக்கிறேன். படத்தில் போட்டிருப்பதில் கண்ணாடி கீறியிருக்கிறது, அதைப் போடாதே. அம்மா இறால் சம்பல் கட்டித் தருகிறாளாம், சமைக்கிறேன் என்று நேரத்தைக் கெடுக்காதே. ஸ்டேஷனுக்கு மாப்பிள்ளை வந்தால் போதும்.

அன்புடன்,
அப்பா