ஆஸ்கர், அந்த மழையைப் பற்றி

ஆஸ்கர்,

ஒவ்வொரு அக்டோபர் 26-க்கும் உனக்கு எழுத உட்காருவேன். நாலு வரி எழுதுவேன், அப்புறம் மூடி வைத்துவிடுவேன். இந்த வருஷம் முடித்துவிடுவது என்று இருக்கிறேன்.

பேஸ்பால் ஆட்டக்காரன் ஆஸ்கர் டவெராஸின் கதையை உனக்கே சொல்லப் போவதில்லை. 16 வயதில் கார்டினல்ஸ் அணிக்கு 1,45,000 டாலருக்குக் கையெழுத்துப் போட்டது, மான்ட்ரியால் பனியில் அப்பாவோடு இருந்த வருஷங்கள், பெரிய லீகுக்குக் கீழே மைனர் லீகில் ஆடிய காலத்துப் பஸ் பயணங்கள் எல்லாம் நீ பட்டது. எனக்குத் தெரிந்தது காத்திருந்தவர்கள் பக்கம் மட்டும். சராசரி என்றால் ஐம்பது, அறுபது என்று கிரிக்கெட் பார்த்து வளர்ந்தவன் நான். 2011-ல் ஐயோவாவில் 19 வயதுப் பையன் ஒருவன் .386 அடிக்கிறான் என்று அலுவலகத்தில் பரபரத்தார்கள். அதில் என்ன விசேஷம் என்று எனக்குப் புரியவே ஒரு வாரம் ஆனது. ஆயிரம் தடவைக்கு 386 தடவை அடிக்கிறான் என்று அர்த்தம், 300 அடித்தாலே அங்கே பெரிய ஆள். புரிந்த பிறகு உன்னை விடவில்லை. அடுத்த வருஷம் ஸ்பிரிங்ஃபீல்டில் 23 ஹோம் ரன், நம் சிக்ஸர் மாதிரி. அதற்கடுத்த வருஷம் மெம்ஃபிஸில் கணுக்கால் போனது, அறுவை சிகிச்சை. பெண்ணுக்கு நிச்சயம் பண்ணிவிட்டு முகூர்த்தம் தள்ளிப்போன வீடு மாதிரி இருந்தது இந்த செயின்ட் லூயிஸ்.

அப்புறம் 2014 மே 31, பெரிய லீகில் உன் முதல் ஆட்டம்.

என் பையனுக்கு அப்போது ஆறு வயது. புஷ் ஸ்டேடியத்தில் ரொம்ப மேலே எங்கள் இருக்கை. ஐந்தாவது இன்னிங்ஸ். பந்து எறிந்தவர் எதிரணி ஜயண்ட்ஸின் யுஸ்மேரோ பெட்டிட். நீ மட்டையைச் சுழற்றியதும் ஏதோ ஒரு சத்தம். அதை எழுதிக் காட்ட வரவில்லை, விட்டுவிடுகிறேன். பந்து வலப்பக்கம் போய்க்கொண்டே இருந்தது, ஹோம் ரன். நீ ஓட ஆரம்பித்தாய், மழையும் ஆரம்பித்தது. தூறல் இல்லை, கொட்டியது. நீ பேஸ் பேஸாகச் சுற்றி வர, ஜனம் ஒருவரும் ஒதுங்காமல் நனைந்துகொண்டே கத்தியது. நீ மறுபடி வெளியே வந்து ஹெல்மெட்டைத் தூக்கிக் காட்டினாய். என் தோளில் உட்கார்ந்திருந்த பையன் தன் தொப்பியைத் தூக்கி உனக்குக் காட்டினான். அவன் தலையிலிருந்து வடிந்த தண்ணீர் என் கழுத்துக்குள் இறங்கியது. இந்த நாட்டுக்கு வந்து எட்டு வருஷம் ஆகியும், இது என் ஊர் என்று அன்றைக்குத்தான் முதலில் தோன்றியது.

மன்னிப்பு கேட்க வேண்டிய விஷயமும் ஒன்று இருக்கிறது. ஜூலை, ஆகஸ்டில் உன்னைத் திட்டினேன். சராசரி .239, மொத்தமே மூன்று ஹோம் ரன். உனக்கு ரைட் ஃபீல்டில் இடம் வேண்டும் என்றுதானே அங்கே ஆடிய ஆலன் கிரெய்க்கையே பாஸ்டனுக்கு அனுப்பினார்கள் என்று டிவியைப் பார்த்துக் கத்தியிருக்கிறேன். 22 வயதுப் பையனிடம் அதற்கு மேல் என்ன எதிர்பார்த்தேன்? ஆனால் நீயும் பந்தை அடித்துவிட்டு ஓடாமல் ஏறக்குறைய நடந்துதான் முதல் பேஸுக்குப் போனாய், ஆஸ்கர். அதைப் பார்த்தால் யாருக்கும் கோபம் வரும். சரி, அக்டோபர் 12 அன்று பதிலி ஆட்டக்காரனாக இறங்கி அதே ஜயண்ட்ஸுக்கு எதிராக ஒரு ஹோம் ரன் அடித்து ஆட்டத்தைச் சமன் செய்தாயே, அன்றே எல்லாவற்றையும் மன்னித்துவிட்டேன்.

பதினாலு நாள் கழித்து சாம்பியனை முடிவு செய்யும் உலகத் தொடரின் ஐந்தாவது ஆட்டம் ஓடிக்கொண்டிருக்கும்போது செய்தி வந்தது, நீ ஓட்டிய கார் விபத்தில் நீ போய்விட்டாய் என்று. உன் சிநேகிதன் ஹுவான் பெரெஸ் ஜயண்ட்ஸ் ஆட்டக்காரர்கள் நடுவில் அழுதுகொண்டிருந்தான். கொஞ்ச நேரத்தில் அவனே மட்டையை எடுத்துப் போய் மதில் வரை அடித்தான், இரண்டு ரன். அவனால் எப்படி முடிந்தது? என் வீட்டில் நான் ரிமோட்டைத் தேடிக்கொண்டிருந்தேன், அது என் கையிலேயே இருந்தது.

நவம்பரில் உன் ரத்தப் பரிசோதனை முடிவு வந்தது. மதுவின் அளவு 0.287, வரம்புக்குப் பல மடங்கு.

இங்கே நிறுத்தியிருக்கலாம். இறந்தவனைப் பேசக்கூடாது என்பார்கள், நண்பர்கள் சிலர் இதைப் படிப்பார்கள் என்றும் தெரியும். ஆனாலும் கேட்கிறேன். காரில் உன் பக்கத்தில் ஒரு பெண் இருந்தாள், அவளும் போய்விட்டாள். பெயர் எழுதமாட்டேன், அவள் வீட்டார் இன்னும் இருக்கிறார்கள். அவளுக்கு 18 வயது. உன் சட்டையிலும் 18. உனக்காக உன் அணி நண்பன் கார்லோஸ் மார்ட்டினெஸ் தன் எண்ணை விட்டுவிட்டு 18 போட்டுக்கொண்டான். அணி முழுக்க உன் பெயரின் முதலெழுத்துகளோடு 'OT 18' என்று சின்னம் தைத்துக்கொண்டு ஆடியது. எங்கள் வீட்டிலும் அந்த எண்ணில் ஒரு சட்டை வாங்கினோம். அவளுக்காக யார் என்ன தைத்துக்கொண்டார்கள்? எங்களுக்கு நீ பத்துப் பதினைந்து வருஷ ஆட்டம் பாக்கி வைத்தாய், அது போகட்டும். அவளுக்கு?

இவ்வளவு கேட்க எனக்குத் தகுதி இருக்கிறதா என்பது வேறு விஷயம்.

மே 31 அன்று மழைக்காக ஆட்டத்தை நிறுத்தினார்கள் இல்லையா, அப்போது கீழே கடை வரிசையில் நின்றேன். ஆட்டம் முடிந்து 40-வது ரோட்டில் (பலகையில் 64 என்று இருந்தாலும் இந்த ஊரில் அது 40தான்) செஸ்டர்ஃபீல்ட் வரை ஓட்டிக்கொண்டு போனேன். ரோடு ஈரமாக இருந்தது. பையன் பின் சீட்டில் தூங்கிவிட்டான். எத்தனை கோப்பை குடித்தேன் என்று இங்கே எழுதப்போவதில்லை. வீட்டில் இதைப் படிப்பார்கள். ஒன்றும் ஆகவில்லை, பத்திரமாகத்தான் வந்து சேர்ந்தோம். நிதானமாகத்தான் ஓட்டினேன். நீயும் அப்படித்தான் நினைத்திருப்பாய்.

அந்தப் பையன் இப்போது லைசென்ஸ் வாங்கிவிட்டான். போன வாரம் சாவியைக் கையில் கொடுத்து உன் கதையைச் சொன்னேன், 0.287 வரை ஒன்று விடாமல். பொறுமையாகக் கேட்டான். அப்புறம், "அந்த மேட்ச் எனக்கு ஞாபகம் இருக்குப்பா, மழையில என் தொப்பியத் தூக்கிக் காமிச்சேன்ல? அதுக்கப்புறம் எதுவுமே ஞாபகம் இல்ல" என்றான்.

தூங்கிட்டே கண்ணா என்றேன். அதற்கு மேல் எதுவும் சொல்லவில்லை.