பாய்லர்காரர் மேல் போட்ட பழி

டேய் மச்சான்,

மூன்று மெயிலுக்குப் பதில் போடாதவன் இப்போது எதற்கு எழுதுகிறான் என்று யோசிப்பாய். கடன் கேட்க இல்லை, பயப்படாதே. வீட்டில் எல்லோரும் சுகம். சின்னவள் சைக்கிள் பழகிவிட்டாள், பின்னாலேயே ஓடி என் முட்டிதான் தேய்ந்தது. அப்புறம், தாத்தா இன்னும் என்னோடு பேசுவதில்லை. கல்யாணத்துக்கு வராதது தப்புதான், நீயே சமாதானம் செய்து வை.

விஷயம் வேறு. போன மாதம் ஒரு திங்கட்கிழமை, ஷிப்ட் தொடங்கி அரை மணி நேரம்கூட ஆகவில்லை, எங்கள் மில்லில் துணிக்குச் சாயம் போடும் நாலு டையிங் மெஷினும் பாய்லர் நீராவியில் ஒன்றாகச் சூடேற ஆரம்பித்தன. எல்லாம் பாலியஸ்டர், 130 டிகிரி வரை ஏற வேண்டும். பாய்லர் பிரஷர் முள் கண்ணெதிரே இறங்குகிறது. அப்படி சட்டென்று இறங்கினால் உள்ளே தண்ணீர் பொங்கி நீராவியோடு கிளம்பி வந்துவிடும். குழாய்க்குள் யாரோ சம்மட்டியால் அடிப்பது மாதிரி சத்தம். சூடு ஏற வேண்டிய வேகத்தில் ஏறாமல் ஒரு லாட், அதாவது மெஷினில் ஒரு தடவை போடும் துணி, முழுக்கத் திட்டுத் திட்டாக வந்தது. அதை மறுபடி சாயம் போட இன்னொரு தடவை நீராவி.

மீட்டிங்கில் எல்லோரும் பாய்லர்காரரைப் பிடித்துக்கொண்டார்கள். நானும் தலையாட்டினேன். அன்று ராத்திரி தூக்கம் வரவில்லைடா, ஏனென்றால் எந்த மெஷின் எப்போது ஓட வேண்டும் என்ற அட்டவணையைப் போட்டவன் நான். வெளிர் நிறம் முதலில், அடர் நிறம் கடைசியில், அப்போதுதான் மெஷின் கழுவும் வேலை மிச்சம். அதை மட்டும் பார்த்துப் பெருமையாகப் போட்டேன். நீராவி எங்கிருந்து வரும் என்று ஒரு நிமிடம்கூட நினைக்கவில்லை. அந்தத் தாள் அந்த மனுஷன் கைக்குப் போவதே காலை ஆறு மணிக்கு. அதற்குமேல் அவர் என்ன செய்வார், சொல்லு?

மறுநாள் கிராஃப் தாள் எடுத்து ஒவ்வொரு மெஷினும் எப்போது எவ்வளவு நீராவி குடிக்கிறது என்று வரைந்தேன். சூடேற்றும்போதுதான் பெரும் குடி, 130-ஐத் தொட்டு நிலைத்தபின் கொஞ்சமே போதும். ஆக, ஒன்று நிலைத்தபின் அடுத்ததைத் தொடங்கினாலே பாதிப் பிரச்சினை தீர்ந்தது. அன்றைய உற்பத்தி ஒரு லாட்கூடக் குறையவில்லை.

அங்கேயே நிறுத்தியிருக்கலாம், உனக்குத்தான் என் புத்தி தெரியுமே! கரன்ட் பக்கம் போனேன். நாம் இழுக்கும் கரன்டை அளக்கும் டிமாண்ட் மீட்டர் 15 அல்லது 30 நிமிடச் சராசரியை எடுக்கும், மாதத்திலேயே மோசமான அந்த ஒரு கால்மணியோ அரைமணியோதான் பில்லில் உட்காரும். கரன்ட் எடுக்க நாங்கள் வைத்திருக்கும் கேஸ் என்ஜின் ஓடினால் அதன் புகைச் சூட்டிலிருந்தும் நீராவி கிடைக்கும். சரி, கரன்ட் அதிகம் தேவைப்படும் நேரத்தில் நீராவி தேவைப்படும் லாட்களையும் வைக்கலாமே என்று பார்த்தால், நடுப்பகலில் கூரைமேல் சோலார் பொங்குகிறது, என்ஜினுக்கு வேலையே இல்லை. உற்பத்தியை நகர்த்தினால் என்ஜின் நேரம் மாறுகிறது, என்ஜினை மாற்றினால் உற்பத்தி இடிக்கிறது. வாலைப் பிடிக்கச் சுற்றும் நாய் மாதிரி ஒரு வாரம் சுற்றினேன்.

உற்பத்திக் கணக்கை முடித்துவிட்டு என்ஜின் கணக்கு என்று போடவே கூடாது, இரண்டும் ஒரே கணக்கில் இருக்க வேண்டும். போட்டேன். கம்ப்யூட்டர் ராத்திரி முழுக்க ஓடியும் முடிக்கவில்லை. அரை மெஷினை ஓட்ட முடியாதே, எல்லாம் ஆம், இல்லை முடிவுகள். இது உன் துறை. ஃபைலை இணைத்திருக்கிறேன், என் ஃபார்முலாக்களைப் பார்த்துச் சிரித்து முடித்துவிட்டு வழி சொல்.

இன்னொன்று. பாதியில் நிறுத்தி எடுத்த விடையே நல்ல லாபம் காட்டுகிறது, ஆனால் அது மூன்று லாட்களை ராத்திரி ஷிப்டில் தள்ளுகிறது. அங்கே நிற்பவர்களில் இரண்டு பேருக்கு என் அப்பா வயது. அவர்கள் தூக்கத்துக்கு அந்த ஃபைலில் என்ன எண் எழுதுவது? இப்போதைக்கு ராத்திரியில் ஒரு லாட்டுக்கு மேல் கூடாது என்று நானே பூட்டிவிட்டேன். மேனேஜர் கேட்டால் என்ன சொல்வேன் என்று தெரியவில்லை.

பாய்லர்காரரிடம் இன்னும் மன்னிப்புக் கேட்கவில்லை, வாய் வரவில்லை. அட்டவணையை முதல் நாள் சாயங்காலமே அவர் மேஜையில் வைத்துவிட்டு வருகிறேன். பென்சிலால் திருத்தி அனுப்புகிறார். நேற்று இரண்டு இடத்தில் சுழித்திருந்தார், இரண்டும் என் தப்பு.

ஞாயிறு கூப்பிடு. தாத்தாவையும் லைனில் சேர்த்துவிடாதே, தனியாக.