நம் வீட்டு ஓட்டு எந்தத் தொகுதியில் விழுகிறது?

அன்புள்ள பாப்பாவுக்கு,

அம்மாவுக்கு முழங்கால் வலி இப்போது பரவாயில்லை. மாடிப்படி மட்டும் ஏறுவதில்லை.

நீ ஃபோனில் சொன்னதற்கு அன்றைக்கே பதில் சொல்லியிருப்பேன். அதற்குள் உனக்கு மீட்டிங் வந்துவிட்டது. "மதுரையில ரெண்டு லட்சம் வித்தியாசத்துல ஜெயிக்கிறாங்கப்பா. பெங்களூர்ல இருந்து ஆம்னி பஸ்காரன் கேட்கிற காசைக் கொடுத்து வந்து நான் போடுற ஒத்த ஓட்டு என்னத்தை மாத்தப் போகுது?" என்று கேட்டாய். நீ சொன்ன கணக்கு சரி. 2024 நாடாளுமன்றத் தேர்தலில் சு. வெங்கடேசன் ஜெயித்தது 2,09,409 ஓட்டு வித்தியாசத்தில்.

ஆனால் நம் வீடு மதுரைத் தொகுதியிலேயே இல்லை, பாப்பா. திருநகர் இருப்பது திருப்பரங்குன்றம் சட்டமன்றத் தொகுதியில். அதுவும் திருமங்கலமும் நாடாளுமன்றத் தேர்தலில் விருதுநகரோடு போகும். உசிலம்பட்டியும் சோழவந்தானும் தேனியோடு. மாவட்டம் ஒன்று, எம்.பி. மூன்று பேர். அதே 2024-ல் விருதுநகரில் மாணிக்கம் தாகூர் விஜய பிரபாகரனை முந்தியது 4,379 ஓட்டில்தான். ஆறு சட்டமன்றத் தொகுதிக்கும் பங்கு போட்டால் தொகுதிக்கு 730 வரும். நம் பக்கத்து நாலு தெரு ஜனம் அவ்வளவு தேறும். 2019-ல் இதே தொகுதியில் இதே மாணிக்கம் தாகூர் ஒன்றரை லட்சத்துக்கு மேல் வித்தியாசத்தில் ஜெயித்தவர். அப்போது கேட்டிருந்தால் விருதுநகரும் முடிவு தெரிந்த தொகுதி என்றுதான் சொல்லியிருப்பாய். எது நெருக்கமான தொகுதி என்பது எண்ணி முடித்த பிறகுதான் தெரிகிறது.

சரி, அந்த 4,379-லும் நீ ஒருத்தி வந்திருந்தால் முடிவு மாறியிருக்குமா? மாறியிருக்காது. இந்த முறையில் உள்ள கோளாறையும் நான் மறைக்கவில்லை. 2014 நாடாளுமன்றத் தேர்தலில் தமிழ்நாட்டில் அ.தி.மு.க. சுமார் 44 சதவீத ஓட்டில் 39-க்கு 37 இடம் வாங்கியது. தி.மு.க.வுக்குச் சுமார் 24 சதவீதம் விழுந்தும் ஒரு இடம்கூட இல்லை. அத்தனை பேர் போட்ட ஓட்டு எங்கே போனது என்று கேட்டால் என்னிடம் பதில் கிடையாது. விழுந்த ஓட்டு சதவீதத்துக்கு ஏற்ப இடம் கொடுக்கும் விகிதாசார முறை வேண்டும் என்பவர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது என்றே நினைக்கிறேன்.

ஆனாலும் ராதாபுரம் கதையைக் கேள். வாத்தியார் வேலை பார்த்து எலெக்‌ஷன் டியூட்டிக்கு அலைந்தவன் என்பதால் எனக்கு அது மறக்காது. 2016 சட்டமன்றத் தேர்தலில் அங்கே அ.தி.மு.க. இன்பதுரை 69,590, தி.மு.க. அப்பாவு 69,541. வித்தியாசம் 49. இதில் 203 தபால் ஓட்டுகளைச் செல்லாது என்று ஒதுக்கியிருந்தார்கள். அந்த ஓட்டுகளோடு வைக்கும் உறுதிமொழிப் படிவத்தில் தலைமை ஆசிரியர் சான்றொப்பம் போட்டது செல்லுமா, செல்லாதா என்பதுதான் வழக்கு. அப்போது தபால் ஓட்டு போட்டவர்கள் யார்? பெரும்பாலும் எங்களைப் போல டியூட்டிக்குப் போகிறவர்கள்தான். ஊருக்கெல்லாம் மை வைத்துவிட்டு, தன் ஓட்டை உறையில் போட்டு, பக்கத்தில் இருந்த ஹெச்.எம்.மிடம் கையெழுத்து வாங்கியிருப்பார்கள். 2019-ல் உயர் நீதிமன்றம் மறுபடி எண்ணச் சொன்னது. எண்ணியதை வெளியிடக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் தடை போட்டது. அதற்குள் சட்டசபை காலமே முடிந்துபோனது. அந்தக் கையெழுத்தைப் போட்ட தலைமை ஆசிரியர்கள் இப்படி ஒரு வழக்கு வரும் என்று கனவிலாவது நினைத்திருப்பார்களா?

கட்சிக்காரர்களுக்கு இந்தக் கணக்கு நம்மைவிட நன்றாகத் தெரியும். முடிவு வந்ததும் பூத் வாரியாக எத்தனை விழுந்தது என்ற பட்டியலைத்தான் முதலில் புரட்டுவார்கள். ஒத்த ஓட்டுக்கு மதிப்பில்லை என்றால் 2009 இடைத்தேர்தலுக்குப் பிறகு, ஓட்டுக்குப் பணம் கொடுப்பதை 'திருமங்கலம் ஃபார்முலா' என்று நாடே ஏன் பேசியது?

இதையெல்லாம் சொல்லி உன்னைப் பஸ் ஏறச் சொல்லவில்லை. யோசித்துப் பார்த்தால் உன் ஓட்டு இங்கே இருப்பதே சரியில்லை. நீ வரி கட்டுவதும் தண்ணி லாரிக்குக் காத்திருப்பதும் பெங்களூரில். சட்டமும் வழக்கமாகக் குடியிருக்கிற இடத்தில்தான் பெயர் இருக்க வேண்டும் என்கிறது. படிவம் 8-ஐ ஆன்லைனிலேயே போட்டு அங்கே மாற்றிக்கொள். வேட்புமனுவுக்குக் கடைசி நாள் தாண்டினால் அந்தத் தேர்தலுக்குச் சேர்க்க மாட்டார்கள், அதனால் தள்ளிப்போடாதே. பதிவு செய்த வாடகை ஒப்பந்தத்தை ஸ்கேன் செய்து வைத்துக்கொள், முகவரிச் சான்றுக்கு உதவும். அம்மாவிடம் நானே பக்குவமாகச் சொல்லிக்கொள்கிறேன். ஓட்டுச் சாக்கிலாவது நீ வருவாய் என்று இருக்கிறாள்.

அன்புடன்,
அப்பா