பழைய பிக்சர் போஸ்ட்கார்டுக்குப் பின்பக்கமும் உண்டு

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உலக நகரங்களின் பிக்சர் போஸ்ட்கார்டுகளைச் சேகரிப்பது பற்றித் தங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்து, பரணில் கிடக்கும் தாத்தா காலத்துக் கார்டுக் கட்டைப் பலரும் இறக்கியிருப்பார்கள். நல்லதுதான். ஆனால் அதில் சொன்ன மூன்று யோசனைகளை அப்படியே செய்தால் அந்தக் கட்டு பாழாகிவிடும். படத்தைப் பார்த்தே காலத்தைச் சொல்லிவிடலாமாம். ஆல்பத்தில் கோந்து தடவி ஒட்டலாமாம். லேமினேட் செய்துவிட்டால் நூறு வருஷம் கவலையில்லையாம். கட்டுரையில் அச்சிட்டிருந்த கார்டுகளில் ஒன்றின் பின்பக்கம்கூடக் காட்டப்படவில்லை. சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது.

கார்டின் வயதைச் சொல்வது பெரும்பாலும் பின்பக்கம்தான். முதல் அஞ்சலட்டை 1869 அக்டோபர் 1 அன்று ஆஸ்திரியா-ஹங்கேரியில் வந்தது. அதில் படம் கிடையாது. படம் போட ஆரம்பித்த பிறகும் பின்பக்கம் முழுவதும் முகவரிக்கு மட்டுமே என்றுதான் பல நாடுகளில் விதி இருந்தது. சேதி எழுத இடமில்லாமல், படத்தில் ரைன் நதிக்கு மேலே உள்ள வானத்திலும் ஆல்ப்ஸ் சரிவிலும் மையால் எழுதினார்கள். பின்பக்கத்தை நடுவில் கோடு போட்டுப் பிரித்து, இடப்பக்கம் சேதி, வலப்பக்கம் முகவரி என்று பிரிட்டன் 1902ல் அனுமதித்தது. பிரான்ஸ் 1904ஐ ஒட்டியும், ஜெர்மனி 1905லும், அமெரிக்கா 1907 மார்ச் 1 முதலும் அதைப் பின்பற்றின. ஆகவே பாரிஸ் கார்டு ஒன்றின் பின்பக்கத்தில் கோடு இல்லையென்றால் அது 1904க்கு முன் அச்சானது என்று பொதுவாக எடுத்துக்கொள்ளலாம். ‘படத்தின் மேல் கிறுக்கி வைத்திருக்கிறார்கள்’ என்று கடைக்காரர்கள் விலையைக் குறைத்துத் தள்ளிவிடும் கார்டுகள் இவைதான். விவரம் தெரிந்தவர்கள் அவற்றைத்தான் முதலில் எடுக்கிறார்கள்.

தபால் முத்திரையை மட்டும் நம்புவதும் ஆபத்து. அது அனுப்பிய நாளைத்தான் சொல்லும். 1905ல் அச்சடித்த கட்டு கடையில் விற்காமல் கிடந்து 1912ல் தபாலில் போயிருக்கலாம். அந்தப் படத்தை எடுத்ததோ 1895ஆக இருக்கலாம். படம் எடுத்த காலம், கார்டு அச்சான காலம், தபாலில் போன நாள் ஆகிய மூன்றையும் குறிப்பேட்டில் தனித்தனிக் கட்டங்களில் எழுத வேண்டும். ஒரே கட்டத்தில் ஓர் ஆண்டை எழுதி முடித்துவிடும் பட்டியல்களால் பயனில்லை.

படம் உதவாது என்று சொல்லவில்லை. எல்லை வகுக்க உதவும். வெனிஸ் நகரின் சான் மார்கோ மணிக்கூண்டு 1902 ஜூலை 14 அன்று இடிந்து விழுந்தது. அதே வடிவில் திரும்பக் கட்டி 1912 ஏப்ரல் 25 அன்று திறந்தார்கள். கோபுரம் இல்லாத சதுக்கம் என்றால் படம் எடுத்தது அந்தப் பத்து ஆண்டுக்குள். கோபுரம் இருந்தால் ஒன்றும் சொல்ல முடியாது. பழைய நெகடிவ் கையில் இருக்கும்போது எந்தப் பதிப்பாளரும் அதை வீணாக்குவதில்லை. கோபுரம் சரிகிற நொடியையே காட்டும் படமும் கார்டுகளில் உண்டு. அது ஒட்டுவேலை, ஏமாந்துவிடக் கூடாது. ஈஃபிள் கோபுரத்திலிருந்து ஆற்றுக்கு அப்பால் பார்க்கும் காட்சியில் இரண்டு உயர்ந்த கோபுரங்களோடு பழைய ட்ரோகதேரோ மாளிகை தெரிந்தால் அது 1935க்கு முந்தைய படம். 1937 கண்காட்சிக்காக அதை இடித்து இப்போதைய ஷாயோ மாளிகையைக் கட்டினார்கள். சென்னைக் கார்டில் மூர் மார்க்கெட் நிற்கிறது என்றால், 1900க்கும் அது எரிந்துபோன 1985க்கும் இடையில் என்பதற்கு மேல் எதுவும் கிடைக்காது. மீதியைப் பின்பக்கம்தான் சொல்ல வேண்டும்.

இயற்கைக் காட்சிக் கார்டுகளில் இது இன்னும் கடினம், மலைக்கு வயது தெரியாது. ஆனால் பனியாறு மாறும். சுவிட்சர்லாந்தில் ஃபுர்கா கணவாய்க்குப் போகும் சாலை வளைவில் 1882ல் கட்டிய பெல்வெதேர் ஹோட்டல் இருக்கிறது. பழைய கார்டுகளில் ரோன் பனியாறு அந்த ஹோட்டலுக்குப் பக்கத்திலேயே வெள்ளைச் சுவராக இறங்கி நிற்கும். இப்போது அங்கே வழுக்குப் பாறையும், பனி பின்வாங்கிய இடத்தில் ஓர் ஏரியும்தான். ஒரே வளைவிலிருந்து எடுத்த பத்துக் கார்டுகளைக் காலவரிசையில் அடுக்கினால் பனி பின்வாங்கியதைக் கண்ணால் பார்க்கலாம். ஆனால் அந்த வரிசையைத் தபால் முத்திரையை வைத்து அடுக்கினால் பனி முன்னும் பின்னும் நகர்வதுபோலக் குளறுபடியாகத் தெரியும். மூன்று கட்டங்கள் வேண்டும் என்று சொல்வது இதற்காகத்தான்.

பின்பக்கத்தில் பார்க்க இன்னும் இருக்கிறது. ஸ்டாம்பு ஒட்டும் கட்டத்துக்குள் ‘உள்நாட்டுக்கு அரை பென்னி, வெளிநாட்டுக்கு ஒரு பென்னி’ என்று அச்சிட்ட பிரிட்டிஷ் கார்டு, கட்டணம் உயர்ந்த 1918 ஜூனுக்கு முந்தையது. ‘பிரிண்டட் இன் சாக்ஸனி’ (ஜெர்மனியின் ஒரு பகுதி), ‘பிரிண்டட் இன் ஜெர்மனி’ என்றிருந்தால் பெரும்பாலும் முதல் உலகப் போருக்கு முன். லண்டன் காட்சிகளையும் அமெரிக்கக் காட்சிகளையும் அப்போது ஜெர்மன் அச்சகங்கள்தான் ஏராளமாக அடித்துக் கொடுத்தன. மெட்ராஸ் ஹிக்கின்பாதம்ஸ், கொழும்பு பிளேட்டே போன்ற பதிப்பாளர்களின் கார்டுகளிலும் இந்த வரியைத் தேடிப் பார்க்கலாம். சிகாகோவின் கர்ட் டைக் நிறுவனம் துணி நெசவுபோலச் சொரசொரப்பான தாளில் அடித்த கார்டுகளில் ஒரு சிறிய எண் இருக்கும். அதில் ஓர் இலக்கமும் அடுத்து ஏ அல்லது பி என்ற ஆங்கில எழுத்தும் வந்தால் வேலை முடிந்தது: ஏ என்றால் 1930கள், பி என்றால் 1940கள். ‘5ஏ’ என்றால் 1935, ‘2பி’ என்றால் 1942. இவ்வளவு நேர்மையாக வயதைச் சொல்லும் கார்டு வேறு கிடையாது.

அடுத்தது லென்ஸ். பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ் ஒன்று இல்லாமல் பழைய கார்டு வாங்கப் போகாதீர்கள். வரிசையாகப் புள்ளிகள் தெரிந்தால் ஹாஃப்டோன் அச்சு. ஒழுங்கில்லாமல் நெளிநெளியாகத் துகள்கள் தெரிந்தால் கொலோடைப் என்ற பழைய அச்சுமுறை. புள்ளியே இல்லாமல் கறுப்பிலிருந்து வெள்ளைக்கு வழுவழுவென்று இறங்கினால் ‘ரியல் போட்டோ’, அதாவது நெகடிவிலிருந்து நேராகப் போட்டோத் தாளில் எடுத்த பிரதி; இருண்ட பகுதிகளில் வெள்ளி பூத்தாற்போல ஒரு மினுமினுப்பும் சிலவற்றில் இருக்கும். அத்தகைய அமெரிக்கக் கார்டுகளின் ஸ்டாம்புக் கட்டத்தைச் சுற்றி ‘அஸோ’ என்ற தாளின் பெயர் இருந்தால் மூலைகளைப் பாருங்கள். நான்கு முக்கோணங்களும் மேல்நோக்கி இருந்தால் சுமாராக 1904 முதல் 1918 வரை. இரண்டு மேலே, இரண்டு கீழே என்றால் 1918 முதல் 1930 வரை. போலி செய்பவர்கள் பழைய படத்தை இன்க்ஜெட்டில் அடித்து இந்தக் கட்டத்தையும் சேர்த்தே அடிக்கிறார்கள். ஆனால் லென்ஸில் அந்தக் கட்டத்தின் கோடே சிறுசிறு மைத்துளிகளாகச் சிதறித் தெரியும். கூடவே ஒரு புறஊதா டார்ச் இருந்தால் நல்லது. தாளை வெண்மையாக்கும் ரசாயனம் 1950ஐ ஒட்டித்தான் பரவலானது. 1908 என்று சொல்லி விற்கும் கார்டின் பின்பக்கம் அந்த ஒளியில் பளிச்சென்று நீலமாக மின்னினால், கீழே வைத்துவிட்டு அடுத்த கடைக்குப் போகலாம்.

வண்ணத்தைச் சான்றாக எடுக்கவே கூடாது. கறுப்பு வெள்ளைப் படத்துக்கு, அந்த ஊரையே பார்க்காத அச்சக ஊழியர் நிறம் சேர்த்திருப்பார். நிலா காயும் இரவுக் காட்சிகளில் பல, பகலில் எடுத்த படத்தைக் கறுப்பாக்கி, நிலாவை வரைந்து, சன்னல்களுக்கு மஞ்சள் பூசியவை. அழகாகத்தான் இருக்கும், வாங்கலாம். ‘அந்தக் காலத்திலேயே இவ்வளவு விளக்கா’ என்று மட்டும் வியக்க வேண்டாம்.

இனி ஒட்டுவதும் லேமினேஷனும். கோந்து போட்டு ஒட்டிய நிமிடமே மேலே சொன்ன தகவல்கள் அத்தனையும் மறைந்துபோகின்றன. பின்னால் யாராவது பிய்த்தெடுத்தால் பின்பக்கத் தாளின் மேலடுக்கு உரிந்து வந்துவிடும். லேமினேஷனில் சூட்டில் உருகிய பிசின் தாளுக்குள் இறங்குகிறது, அதைத் திரும்ப எடுக்க வழியில்லை. பிளாஸ்டிக் தாளைத் தூக்கினால் ஒட்டிக்கொள்ளும் ‘மேக்னெடிக்’ ஆல்பமும் இதே ரகம்தான். பசை சில வருஷத்தில் மஞ்சளாகிவிடும். ஏற்கெனவே ஒட்டிய ஆல்பம் கையில் இருந்தால் கார்டைப் பிய்க்காதீர்கள், கெட்டில் ஆவியிலும் காட்டாதீர்கள். ரியல் போட்டோ கார்டின் முகம் ஜெலட்டின். ஈரச் சூட்டில் இளகித் தொட்ட இடமெல்லாம் விரல் பதியும். ஆல்பத் தாளையே கார்டைச் சுற்றி வெட்டி, அப்படியே வைத்துக்கொள்வதுதான் நஷ்டம் குறைந்த வழி. ஸ்டாம்பைத் தனியே எடுக்கத் தண்ணீரில் ஊறப்போடுவதும் வேண்டாம். கார்டின் மேல் இருக்கும்வரைதான் அந்த ஸ்டாம்பும் முத்திரையும் சேர்ந்து சாட்சி சொல்லும்.

ஒவ்வொரு கார்டுக்கும் ஓர் உறை போதும். பாலிப்ரொப்பிலீன் அல்லது பாலியெஸ்டர் உறையாக இருக்கட்டும். பிவிசி உறை ஆகாது. அதை மென்மையாக வைத்திருக்கும் எண்ணெய்ப் பொருள் கசிந்து கார்டின் முகத்தில் ஒட்டும், நாளடைவில் அமிலமும் வெளிவரும். கடைக்காரர் சொல்வதை நம்பாமல் நீங்களே சோதிக்கலாம். ஒரு செம்புக் கம்பியைப் பழுக்கக் காய்ச்சி உறையின் ஓரத்தில் தொட்டு, மறுபடி சுடரில் பிடியுங்கள். சுடர் பச்சையானால் பிவிசி. மின்வயரிலிருந்து உரித்த கம்பி என்றால் வயரின் உறையே பிவிசிதான் என்பதால், முதலில் வெறும் கம்பியைப் பச்சை நிறம் போகும்வரை சுட்டுவிட வேண்டும். இல்லாவிட்டால் எல்லா உறையும் பிவிசி என்றே வரும். புகை நல்லதல்ல, வீட்டுக்கு வெளியே செய்யுங்கள். உறையின் அளவும் முக்கியம். பழைய கார்டு பெரும்பாலும் 9×14 செ.மீ.; புதியது 10.5×14.8 செ.மீ. பெரிய உறையில் சிறிய கார்டைப் போட்டால் உள்ளே ஆடி மூலை மழுங்கும்.

உறையிட்ட கார்டுகளைப் பெட்டியில் நிற்க வைத்து அடுக்க வேண்டும். படுக்கவைத்துக் குவித்தால், அடியில் இருப்பவை ஈரக் காலத்தில் ஒன்றோடொன்று ஒட்டும். பெட்டி முழுதாக நிரம்பாவிட்டால் மீதி இடத்தில் மடித்த அட்டையைச் செருகுங்கள். கார்டு சாய்ந்து நின்றால் வளைந்துவிடும். ரப்பர் பேண்டும் குண்டூசியும் ஜெம் கிளிப்பும் கிட்டவே வரக் கூடாது. நம் ஊரில் உண்மையான எதிரி பூஞ்சைதான். காற்றின் ஈரப்பதம் 65 சதவீதத்தைத் தாண்டினால் அது வளரத் தொடங்கும்; கடலோர ஊர்களில் ஐப்பசி, கார்த்திகையில் அது சாதாரணம். ஈரப்பதம் காட்டும் சிறு மீட்டர் ஒன்றை அலமாரிக்குள் வையுங்கள். வெளிச்சுவரை ஒட்டிய அலமாரியும், எந்த அலமாரியிலும் அடித்தட்டும் வேண்டாம். சிலிக்கா ஜெல் நிறம் மாறியதும் சூடாக்கி மறுபடி பயன்படுத்த வேண்டும். போட்டதோடு மறந்துவிட்டால் அது வெறும் மணல். பாச்சை உருண்டை போடுவது பழக்கம்தான், ஆனால் அதன் ஆவி பிளாஸ்டிக் உறைக்கு ஆகாது. பூச்சி அரித்த கட்டு வந்தால், ஜிப் பையில் காற்றை வெளியேற்றி மூடி, இரண்டு வாரம் ஃப்ரீசரில் வையுங்கள். வெளியே எடுத்தபின் ஒரு நாள் முழுக்கப் பையைத் திறக்கக் கூடாது; திறந்தால் குளிர்ந்த கார்டில் நீர் கோத்துக்கொள்ளும்.

புதிய கார்டுகளை வெளிநாடுகளுக்கு அனுப்பிப் பெறுவது பற்றிக் கட்டுரை சரியாகவே சொன்னது. முன்பின் தெரியாதவர்களோடு கார்டு பரிமாறிக்கொள்ள 2005ல் போர்ச்சுகலில் தொடங்கிய போஸ்ட்கிராஸிங் என்ற இணையதளம் வழியாக நம்மவர்கள் நிறையப் பேர் அனுப்புகிறார்கள். சேர்க்க வேண்டியது சிறிதுதான். அவர்கள் தரும் அடையாள எண்ணை இரண்டு இடத்தில் எழுதுங்கள்; முத்திரை ஒன்றின் மேல் விழுந்தாலும் மற்றது பிழைக்கும். கார்டின் அடியில் இரண்டு செ.மீ. காலியாக விடுங்கள், பல நாடுகளில் தபாலைப் பிரிக்கும் இயந்திரம் அங்கேதான் பார்கோடை அடிக்கிறது. அனுப்புநர் முகவரியை எழுதாதீர்கள். இயந்திரம் அதைப் படித்து கார்டை உங்களுக்கே திருப்பிவிடலாம். ஜெல் பேனா மழையில் கரையும், பால்பாயின்ட் நிற்கும். பெட்டியில் போடாமல் கவுன்டரில் கொடுத்து, கண்ணெதிரே முத்திரை குத்தித் தரும்படி கேட்டால் பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள்.

ஒரு வேண்டுகோள். இந்தத் தொடர் மேலும் வருமென்று அறிவித்திருக்கிறீர்கள். அச்சிடும் ஒவ்வொரு கார்டுக்கும் பக்கத்தில் அதன் பின்பக்கத்தையும் தபால்தலை அளவுக்காவது போடுங்கள். அனுப்பியவர், பெற்றவர் பெயர்களை மறைத்துக்கொள்ளலாம். நடுக்கோடு, ஸ்டாம்புக் கட்டம், பதிப்பாளர் பெயர், முத்திரை ஆகிய நான்கும் தெரிந்தால் போதும். படத்தின் கீழே இருக்கும் ஆண்டு சரியா என்று வாசகர்களே பார்த்துச் சொல்வார்கள்.

இப்படிக்கு,
பிக்சர் போஸ்ட்கார்டு சேகரிப்பாளர் ஒருவர்,
திருச்சி.