பாரிஸ் மியூசியத்துக்கு வாங்கிய கட்டணத்தைத் திருப்பித் தரவும்

டூர் நிறுவனத்தின் வாடிக்கையாளர் சேவைப் பிரிவுக்கு,

வணக்கம். உங்கள் கோவை கிளையில் பணம் கட்டி நானும் மனைவியும் பதினைந்து வயது மகளும் ஐரோப்பா போய் வந்தோம். பாரிஸில் வியாழக்கிழமைக்கு நேராக 'ஓர்சே கலை அருங்காட்சியகம், நுழைவுக் கட்டணம் உட்பட' என்று உங்கள் பயணத் திட்டத்தில் கொட்டை எழுத்தில் இருக்கிறது, ரசீதிலும் மூன்று பேருக்கும் தனியாகப் போட்டிருக்கிறீர்கள். நடந்தது என்ன? பஸ் ஆற்றோரமாக நின்றது, டூர் மேனேஜர் "அதோ தெரியுது பாருங்க, பத்து நிமிஷம், போட்டோ எடுத்துக்குங்க" என்றார், அவ்வளவுதான். அப்புறம் நேராக சென்ட் கடை. அங்கே மட்டும் நேரம் தாராளம். கேட்டால், ஆறரைக்கு இந்தியன் ஹோட்டலில் சாப்பாடு, அதற்குள் மியூசியத்தை மூடிவிடுவார்கள் என்று பதில்.

ஏனுங்க, வியாழக்கிழமை இரவு 9.45 வரை அது திறந்திருக்கும் என்பது டூர் நடத்துகிறவருக்குத் தெரியாதா? மகள் போனில் பார்த்துச் சொன்னாள். சாப்பாடே வேண்டாம் என்று டாக்சி பிடித்துத் திரும்பிப் போய், சொந்தக் காசில் டிக்கெட் எடுத்தோம்.

அந்தப் பயணத்திலேயே மனசு நிறைந்தது அந்தச் சாயங்காலம்தான். 1900-இல் ரயில் நிலையமாகத் திறந்த கட்டடம், ரயில்கள் நீளமாகிப் பிளாட்பாரம் பற்றாமல் போனதால் பழைய உபயோகம் போய், 1986-இல் மியூசியமாகியிருக்கிறது. மேல்மாடியில் ஆள் உயரத்துக்கும் பெரிய கண்ணாடிக் கடிகாரம், அதன் வழியாகவே ஆறும் ஊரும் தெரிகிறது. வான்கோ 1888-இல் வரைந்த ரோன் ஆற்று இரவுப் படத்தின் முன்னால் என் மனைவி நகரவே இல்லை. நான் சிறுமுகையில் சேலை உற்பத்தி செய்பவன், எனக்குப் பிடித்தது பிரெஞ்சு ஓவியர் சூராவின் 'சர்க்கஸ்', அவர் 1891-இல் முடிக்காமலே இறந்துபோன படம். கிட்டப் போனால் மஞ்சளும் ஆரஞ்சும் நீலமும் வெறும் புள்ளி புள்ளியாக இருக்கிறது, நாலடி பின்னால் வந்தால் குதிரையும் அதன் மேல் நிற்கும் பெண்ணும் எழுந்து வருகிறார்கள். தறியில் நீளவாக்கில் ஓடும் பாவு நூலில் ஒரு நிறமும் குறுக்கே ஓடும் ஊடை நூலில் ஒரு நிறமும் கொடுத்தால் துணியில் மூன்றாவதாக ஒன்று மினுங்குமே, அதே சங்கதி. இதைத்தான் பத்து நிமிஷ போட்டோவில் முடிக்கப் பார்த்தீர்கள்.

இன்னொன்று. பதினெட்டு வயதுக்குக் கீழே இருப்பவர்களுக்கு அங்கே நுழைவு இலவசம். என் மகளுக்கும் சேர்த்துக் கட்டணம் வாங்கியது எந்தக் கணக்கு?

மூன்று பேரின் நுழைவுக் கட்டணமும், சாப்பிடாத அந்த இரவுச் சாப்பாட்டின் பணமும், டாக்சி வாடகையும் திரும்ப வர வேண்டும். ரசீதுகளை இணைத்திருக்கிறேன். கிளையில் சொன்னதுபோல் அடுத்த டூருக்குத் தள்ளுபடி கூப்பன் எல்லாம் வேண்டாம், பணம் வங்கிக் கணக்குக்கு வரட்டும். பதினைந்து நாளில் பதில் இல்லையென்றால் நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன். வியாழக்கிழமை சென்ட் கடையை வேறு நாளைக்கு மாற்றினால் அடுத்து வருகிறவர்களாவது உள்ளே போய்ப் பார்ப்பார்கள்.

இப்படிக்கு,
சிறுமுகையிலிருந்து உங்கள் வாடிக்கையாளர்