மகள் எடுத்திருக்கும் துறை

டர்பன்

அன்புள்ள நண்பா,

மகள் ஹானர்ஸ் முடித்து, முதுநிலை ஆய்வுக்கு எர்காடிக் கோட்பாட்டை எடுத்திருக்கிறாள் என்று எழுதியிருந்தாய். அவளுக்கு என் மனம் நிறைந்த வாழ்த்து. "இதில் அப்படி என்னதான் ஆராய்வார்கள்?" என்று கேட்டிருந்தாயே, அதற்குத்தான் இந்தக் கடிதம்.

ஒரு புள்ளியின் மேல் ஒரே விதியைத் திரும்பத் திரும்பச் செலுத்துகிறோம். புள்ளி ஓடும் பாதை, குறிப்பிட்ட ஒரு பகுதிக்குள் எத்தனை தடவை வந்து போகும்? 1931இல் பிர்க்காஃப் என்ற கணிதவியலாளர் நிறுவிய தேற்றப்படி, புள்ளிகளும் விதியும் சேர்ந்த அமைப்பு எர்காடிக்காக இருந்தால் (அதாவது ஒன்றோடொன்று கலக்காத துண்டுகளாகப் பிரியாமல் இருந்தால்), மொத்தப் படிகளில் பாதை அந்தப் பகுதிக்குள் இருக்கும் விகிதம் நாளடைவில் பகுதியின் அளவையை, அதாவது மொத்த வெளியை 1 என்று வைத்தால் அதில் அப்பகுதியின் பங்கை, எட்டிவிடும். ஆனால் "ஏறத்தாழ எல்லாப் புள்ளிகளுக்கும்" மட்டுமே. விலக்குகளின் மொத்த அளவை பூஜ்யம். கையில் இருக்கும் ஒரு புள்ளி விலக்கா இல்லையா என்று தேற்றம் சொல்லாது. துறையின் கடினமான வேலை அந்த இடைவெளியில்தான் கிடக்கிறது என்பது என் எண்ணம்.

எடுத்துக்காட்டாகத் தொடர் பின்னத்தைப் பார். எண்ணின் முழுப் பகுதியைக் குறித்துக்கொள், மிச்சத்தைத் தலைகீழாக்கு, மறுபடி முழுப் பகுதியைக் குறி. ஏறத்தாழ எல்லா எண்களிலும் இப்படி வரும் உறுப்புகளில் 1 சுமார் 41.5 சதவீதம், 2 சுமார் 17, 3 சுமார் 9.3. இயற்கை மடக்கையின் அடிமானமான e என்ற எண்ணோ 2, 1, 2, 1, 1, 4, 1, 1, 6 என்று போகிறது. மூன்றில் இரண்டு உறுப்புகள் 1. அது விலக்கு. பை (π) விலக்கா, இல்லையா? இன்றுவரை யாரும் நிறுவியதில்லை.

மகள் முதல் மாதமே கணினியில் சோதித்துப் பார்ப்பாள். அங்கே ஒரு பொறி இருக்கிறது. 0.1ஐ இரட்டிப்பதும் முழுப் பகுதியைத் தள்ளுவதுமாகப் போனால், உண்மைப் பாதை 1/5, 2/5, 4/5, 3/5 என்று சுழன்றுகொண்டே இருக்கும். கணினியின் சாதாரண மிதவைப்புள்ளிக் கணக்கிலோ (தசம எண்களைக் குறிப்பிட்ட இலக்கங்களோடு நிறுத்திக்கொள்ளும் முறை) 55ஆம் படியில் பூஜ்யம் வந்து அங்கேயே நின்றுவிடும். கணினி வைத்திருப்பது 0.1 அல்ல, இரண்டின் 55ஆம் அடுக்கைக் கீழ் எண்ணாகக் கொண்ட ஒரு பின்னம். ஒவ்வொரு படியும் அதில் ஒரு பிட்டை (இரும இலக்கத்தை) தின்கிறது. தொடர் பின்னத்தில் இதைவிட மோசம். 16 தசம இலக்கத்துக்கு ஏறக்குறைய 15 உறுப்புகள்தான் சரியாக வரும். அதன்பின் வருபவை பார்வைக்கு நியாயமாக இருக்கும், ஆனால் அந்த எண்ணுக்கு உரியவையே அல்ல. ஆயிரம் உறுப்பு வேண்டுமென்றால் சுமார் 1030 தசமமாவது வேண்டும், கொஞ்சம் கூடவே வைத்துக்கொள்ளட்டும். பைத்தானில் முழு எண்களைக் கொண்டே பின்னக் கணக்குப் போடலாம்.

"ஏறத்தாழ" என்ற சொல்லையே நீக்கிய தேற்றங்களும் உண்டு. எனக்கு இத்துறையில் மிகவும் பிடித்தது அதுதான். டாடா அடிப்படை ஆய்வு நிறுவனத்தின் எம். எஸ். ரகுநாதன் ஓர் ஊகம் வைத்தார்: யூனிபோட்டன்ட் பாய்வுகளில் (ஒரு சிறப்பு வகை அணிகள் உண்டாக்கும் நகர்வுகளில்) எந்தப் புள்ளியிலிருந்து கிளம்பினாலும் பாதையின் மூடல், அதாவது பாதையும் அது நெருங்கிச் செல்லும் புள்ளிகளும் சேர்ந்தது, ஒழுங்கான இயற்கணித வடிவமாகவே இருக்கும். அது உண்மையானால், இருபடி வடிவங்கள் (x², xy போன்ற இரண்டாம் படி உறுப்புகளால் ஆன கோவைகள்) பற்றி ஓப்பன்ஹைம் 1929இல் சொன்ன ஊகமும் தானாகக் கிடைக்கும் என்று கண்டவரும் அவரே. மார்குலிஸ் அந்த வழியிலேயே போய் 1987இல் ஓப்பன்ஹைம் ஊகத்தை நிறுவினார். ரகுநாதனின் ஊகத்தை முழுமையாக நிறுவியவர் மரீனா ராட்னர். அந்தக் கட்டுரைகள் 1991 வாக்கில் வெளிவந்தன.

ஃபர்ஸ்டன்பர்க் 1967இல் கிளப்பிய "இரண்டு, மூன்று பெருக்கல்" சிக்கல் மாணவர்களைச் சுண்டி இழுக்கும்: எண்ணை இரண்டால் பெருக்கி முழுப் பகுதியைத் தள்ளினாலும், மூன்றால் பெருக்கித் தள்ளினாலும் மாறாத அளவைகள் எவை? எண்ட்ரோபி (பாதை எவ்வளவு கணிக்க முடியாதது என்பதன் அளவு) பூஜ்யத்தைவிடப் பெரிதாக இருக்கும் நிலையை 1990இல் ரூடால்ஃப் தீர்த்துவிட்டார். பூஜ்ய எண்ட்ரோபி இன்னும் திறந்தே கிடக்கிறது. அதை ஆய்வேட்டுக்கு எடுக்க வேண்டாம். படிக்கட்டும், அதை நம்பி இரண்டு வருடத்தைப் பணயம் வைக்கக் கூடாது.

முதல் ஆண்டில் லெபேக் அளவையும் ஹில்பர்ட் வெளியும் எப்படியும் படிப்பாள். நிபந்தனை எதிர்பார்ப்பைத்தான் (ஓரளவு தகவல் மட்டும் தெரிந்த நிலையில் எடுக்கும் சராசரியை) பலரும் மேலோட்டமாகத் தாண்டிவிடுகிறார்கள். அமைப்பை எர்காடிக் துண்டுகளாகப் பிரிக்கும் இடத்தில் அந்தக் குறை பிடித்து நிறுத்திவிடும்.

தலைப்பை முடிவு செய்யுமுன் வழிகாட்டியிடம் ஒன்று கேட்கச் சொல்: அவர் தேடுவது "ஏறத்தாழ எல்லா" வகைத் தேற்றமா, "எல்லா" வகையா? முதலாவது என்றால் நிகழ்தகவும் எண்ட்ரோபியும் ஆழமாக வேண்டும். இரண்டாவது என்றால் லீ குலங்களை (சுழற்சி போன்ற தொடர்ச்சியான சமச்சீர்களின் கணிதத்தை) இந்தப் பிப்ரவரியிலேயே தொடங்கிவிட வேண்டும்.

அன்புடன்,
உன் நண்பன்