பயிற்சி நிறைவு அணிவகுப்பும் அதற்கு முந்தைய நாள்களும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ராணுவ அதிகாரிகளின் பயிற்சி நிறைவு அணிவகுப்பு நடக்கும்போதெல்லாம் நாளிதழ்களில் அதன் படங்கள் தவறாமல் இடம்பெறுகின்றன. மகனின் தோளிலோ மகளின் தோளிலோ நட்சத்திரம் குத்தும் பெற்றோர், வாளேந்தி அணியை நடத்திச் செல்லும் சிறந்த பயிற்சியாளர் (அதாவது பயிற்சி பெறுபவர்), வானத்தை நோக்கி வீசப்படும் தொப்பிகள் ஆகியவற்றைப் பார்க்கும்போது எனக்கும் மகிழ்ச்சியாகத்தான் இருக்கிறது. ஆனால், அதிகாரிப் பயிற்சி நிலையம் ஒன்றில் பயிற்றுநராக இருந்து ஓய்வுபெற்றவன் என்ற முறையில் எனக்கு ஒரு குறை உண்டு. அந்த ஒரு காலைப்பொழுதை எட்டுவதற்கு முன்பு பயிற்சியாளர்கள் கடந்துவந்த நாள்களைப் பற்றி யாரும் எழுதுவதில்லை. அதனால், படை அதிகாரியாக விரும்பும் இளைஞர்கள் எழுத்துத் தேர்வுக்கும் நேர்முகத்துக்கும் ஓட்டத்துக்கும் நன்றாகத் தயாராகி வந்துவிட்டு, முதல் மாதத்தில் துணி தேய்ப்பதிலும் தூக்கமின்மையிலும் காலில் எழும் கொப்புளங்களிலும் நிலைகுலைந்து போகிறார்கள்.

பயிற்சிக்காலம் நாட்டுக்கு நாடு, நிலையத்துக்கு நிலையம் மாறுபடுகிறது. பிரிட்டனின் சாண்ட்ஹர்ஸ்ட் கழகத்தில் முறையான அதிகாரிப் பயிற்சி 44 வாரங்கள். சென்னை அதிகாரிகள் பயிற்சிக் கழகத்தில் 49 வாரங்கள். அமெரிக்காவின் வெஸ்ட் பாயிண்டில் பட்டப்படிப்புடன் சேர்த்து நான்கு ஆண்டுகள். கடக்வாஸ்லாவில் உள்ள தேசியப் பாதுகாப்புக் கழகத்தில் மூன்று ஆண்டுகளை முடிக்கும் தரைப்படைப் பயிற்சியாளர்கள், அதன் பிறகு டேராடூனில் உள்ள இந்திய ராணுவக் கழகத்தில் மேலும் ஓராண்டு பயில்கிறார்கள். இத்தனை வேறுபாடு இருந்தும், ஒரு நிலையத்தில் பயின்றவர் இன்னொரு நிலையத்தில் ஒரு நாளைக் கழித்தால் அவருக்கு அங்கே புதிதாகத் தோன்றக்கூடியவை மிகக் குறைவே.

விடியலுக்கு முன்பே எழுந்து, ஆள் கணக்கெடுப்புக்கு நின்று, உடற்பயிற்சி முடித்து, சில நிமிடங்களில் குளித்து உடைமாற்றி, உணவை வேகமாக விழுங்கிவிட்டுக் கவாத்து எனும் அணிநடைப் பயிற்சிக்கான மைதானத்துக்கு ஓட வேண்டும். பிறகு வகுப்புகள், ஆயுதப் பயிற்சி, வரைபடம் படித்தல், மாலை விளையாட்டு, இரவுப் படிப்பு என்று நேரம் போகும். இதற்கெல்லாம் கால அட்டவணை இருக்கிறது. அட்டவணையில் இல்லாத ஒரு வேலைதான் புதியவர்களை வாட்டுகிறது. மறுநாள் அறைச் சோதனைக்காகப் படுக்கை விரிப்பின் மடிப்புகளைச் சீராக்குவதும், பித்தளைக் கொக்கிகளை மினுக்குவதும், காலணியில் முகம் தெரியும்வரை மெருகேற்றுவதும், அலமாரியில் சட்டைகளை ஒரே அளவில் அடுக்குவதும் விளக்கணைக்கும் நேரத்துக்குப் பிறகும் தொடர்கின்றன. சாண்ட்ஹர்ஸ்டுக்குச் சேர வருபவர்கள் முதல் நாளன்று துணி தேய்க்கும் மேசையைக் கையில் சுமந்துகொண்டு வருவது அங்கு வழக்கமான காட்சி. அந்தக் கழகத்தில் முதல் ஐந்து வாரங்கள் மிகக் கடுமையானவை என்பதை அறிந்தவர்களுக்கு, அந்த மேசை ஏன் அவ்வளவு முக்கியம் என்பதும் புரியும்.

இதெல்லாம் போருக்கு எதற்கு என்று பெற்றோர் கேட்பதுண்டு, நியாயமான கேள்விதான். மெருகேற்றிய காலணியால் எதிரி வீழ்வதில்லை. ஆனால் உடல் சோர்ந்து, கண் செருகி, யாரும் பார்க்காத நேரத்திலும் சிறிய வேலையை ஒழுங்காக முடிக்கும் பழக்கம் வேறெங்கும் எளிதில் வருவதில்லை. மழையிலும் சேற்றிலும் கிடந்த துப்பாக்கியை உறங்கப் போவதற்கு முன்பு துடைக்கிறவரா, காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று படுத்துவிடுகிறவரா என்பது அங்கேதான் தெரியவரும். இன்னொன்றையும் சொல்ல வேண்டும். கொடுக்கப்படும் வேலைகளைக் கொடுக்கப்படும் நேரத்துக்குள் தனி ஒருவரால் முடிக்க இயலாதபடியே அவை பெரும்பாலும் அமைந்திருக்கும். கெட்டிக்காரர்கள் முதலில் தம் அறையை மட்டும் சீராக்கிவிட்டு நிம்மதியாக இருப்பார்கள். பக்கத்து அறைக்காரர் சோதனையில் தவறினால் அணி முழுவதும் தண்டனை பெறும். இரண்டு மூன்று முறை அப்படி நடந்த பிறகு, நன்றாகத் தேய்க்கத் தெரிந்தவர் எல்லாருடைய சட்டையையும் தேய்ப்பார், மெருகேற்றத் தெரிந்தவர் எல்லாருடைய காலணியையும் எடுத்துக்கொள்வார். இந்த மாற்றம் நிகழ்வதற்காகத்தான் பயிற்றுநர்கள் காத்திருக்கிறார்கள். அவர்கள் வாயால் அதை ஒருபோதும் சொல்வதில்லை.

சில நிமிடங்களுக்குள் ஒரு சீருடையிலிருந்து இன்னொன்றுக்கு மாறி ஓடி வந்து நிற்க வைக்கும் தண்டனையை நம் கழகங்களில் பட்டி பரேடு என்பார்கள். விளையாட்டு உடை, கவாத்து உடை, விருந்து உடை என்று மாறி மாறி ஓடுவதைப் பார்க்கச் சிரிப்பாக இருக்கும். ஓடுபவருக்குச் சிரிப்பு வருவது பல ஆண்டுகள் கழித்துத்தான். வெஸ்ட் பாயிண்டில் முதலாண்டு மாணவர்கள் மூத்தவர்களின் கேள்விக்கு மரபாகச் சொல்லக்கூடிய பதில்கள் நான்கே. ஆம் ஐயா, இல்லை ஐயா, சாக்குச் சொல்ல ஏதுமில்லை ஐயா, எனக்குப் புரியவில்லை ஐயா. இவற்றில் மூன்றாவது பதிலைச் சொல்லப் பழகுவது, படித்த குடும்பங்களிலிருந்து வரும் பிள்ளைகளுக்கு ஓட்டத்தைவிடக் கடினமாக இருப்பதைக் கவனித்திருக்கிறேன். தம் பக்க நியாயத்தை விளக்கியே பழகியவர்களுக்கு, விளக்காமல் பொறுப்பேற்பது தோல்வியாகப் படுகிறது.

வெளியுலகம் அறியாத இன்னொரு செய்தி, பயிற்சியாளர்களுக்குக் கவாத்தையும் ஆயுதத்தையும் கற்றுத்தருபவர்களில் பெரும்பாலோர் அதிகாரிகள் அல்லர் என்பது. ஹவில்தார், சுபேதார் போன்ற நிலைகளில் நீண்ட காலம் பணியாற்றிய அனுபவசாலிகளே அவர்கள். நம் நாட்டில் அவர்களை உஸ்தாத் என்று மரியாதையுடன் அழைப்பார்கள். இன்று தம் அதட்டலுக்கு நடுங்கி நிற்கும் இளைஞர், பயிற்சி முடிந்த மறுகணம் தமக்கு மேலதிகாரி ஆவார் என்பது அவர்களுக்குத் தெரியும். பட்டம் பெற்ற அன்று முதல் வணக்கத்தை அவர்களே வைப்பார்கள். இப்படியொரு ஏற்பாடு வேறு எந்தத் தொழிலிலாவது உண்டா என்று எனக்குத் தெரியவில்லை. நாளை தமக்கே உத்தரவிடப் போகிறவரை இன்று செதுக்கும் பொறுப்பை அவர்கள் எவ்வளவு அக்கறையோடு செய்கிறார்கள் என்பதைப் பற்றி ஒரு கட்டுரை வந்தாலே போதும், அணிவகுப்புப் படங்கள் பத்துக்கு அது ஈடாகும்.

மைதானப் பயிற்சிக்கு வருகிறேன். அதிகாரிப் பயிற்சியைச் சிப்பாய்ப் பயிற்சியிலிருந்து உண்மையில் பிரிப்பது அதுதான். காட்டிலும் மலையிலும் பல நாள்கள் நீளும் அந்தப் பயிற்சியில் தலைமைப் பொறுப்பு முறைவைத்து ஒவ்வொருவருக்கும் வரும். பொறுப்பேற்றவர் மண்ணில் நிலப்பகுதியின் மாதிரியைக் குச்சியும் கல்லும் கொண்டு அமைத்து, நிலைமை, பணி, செயல்படுத்தும் முறை, வழங்கல், தொடர்பு என்ற வரிசையில் தம் அணிக்கு உத்தரவு வழங்க வேண்டும். வகுப்பறையில் இதை யாரும் சொல்லிவிடலாம். இரண்டு இரவுகள் சரியாகத் தூங்காமல், ஈர உடையில், தம்மைப் போலவே களைத்துப்போன நண்பர்களைக் காவலுக்கு எழுப்பி அனுப்பிவிட்டு அதே உத்தரவைத் தெளிவாகச் சொல்வது வேறு. அங்கே குரல் உயர்த்துபவர்களைவிட, ஒவ்வொருவருக்கும் தண்ணீர் இருக்கிறதா என்று கேட்டுவிட்டுப் பேசத் தொடங்குபவர்களே பெரும்பாலும் நன்றாகச் செய்தார்கள். நேற்றைய தலைவர் இன்று இயந்திரத் துப்பாக்கியைச் சுமப்பார். நேற்று அவர் யாரைச் சுமக்க வைத்தாரோ அவர்தான் இன்றைய தலைவர். இந்தச் சுழற்சியைப் போல நியாயத்தைக் கற்றுத்தரும் வகுப்பு வேறு இல்லை.

இனி, பெருமைக்கு இடமில்லாத ஒரு விஷயம். எலும்பில் மெல்லிய கீறல் விழும் அழுத்த முறிவு, குறிப்பாக முழங்காலுக்குக் கீழே, உலகெங்கும் ராணுவப் பயிற்சியில் காணப்படும் காயம். ஓட்டத்தின் அளவும் சுமையும் திடீரென்று கூடும் தொடக்க வாரங்களில் இது அதிகம் ஏற்படுகிறது; பெண் பயிற்சியாளர்களிடம் ஆண்களைவிடக் கூடுதலாகக் காணப்படுகிறது என்பதும் மருத்துவர்கள் நன்கு அறிந்ததே. வெஸ்ட் பாயிண்டில் 1976 முதலும், சென்னையில் 1992 முதலும், கடக்வாஸ்லாவில் 2022 முதலும் பெண்கள் பயின்றுவரும் நிலையில், இதைப் பெண்களின் பலவீனம் என்று பேசுவது அறியாமை. பயிற்சிச் சுமையைப் படிப்படியாக ஏற்றுவது, பாதத்துக்குப் பொருந்தும் காலணி தருவது, போதிய ஓய்வும் உணவும் அளிப்பது ஆகியவையே இதைக் குறைக்கும் வழிகள். ஆனால் பயிற்சியாளர்கள் வலியை மறைக்கிறார்கள். சில வாரப் பயிற்சி தவறினால் அடுத்த தொகுதியோடு சேர்ந்து பருவத்தைத் திரும்பப் படிக்க வேண்டிவரும் என்ற அச்சமும், வீட்டில் எல்லாரும் அணிவகுப்புக்கு நாள் குறித்துக் காத்திருக்கிறார்கள் என்ற எண்ணமும் அவர்களை நொண்டிக்கொண்டே ஓட வைக்கின்றன. கீறலாக இருந்தது முழு முறிவாகிறது. வெப்பத் தாக்கமும் இப்படித்தான். புதிய தட்பவெப்பத்துக்கு உடல் பழக ஏறத்தாழ இரண்டு வாரங்கள் தேவை; அதற்குள் தலைசுற்றலைச் சொல்ல வெட்கப்பட்டு ஓடுபவருக்கு அது உயிருக்கே ஆபத்தாகலாம். ஒரு பருவம் பின்தங்கியும் நல்ல அதிகாரிகளானவர்கள் பலர் இருக்கிறார்கள். அவர்கள் படம் எங்கும் வருவதில்லை.

கடுமை என்ற பெயரில் நடக்கும் எல்லாவற்றையும் நான் ஆதரிப்பதாக யாரும் எண்ண வேண்டாம். பயிற்சித் திட்டத்தில் உள்ள தண்டனைக்கும், மூத்த மாணவர் சிலர் இரவில் அறைக்குள் வைத்து இளையவரை அலைக்கழிப்பதற்கும் வேறுபாடு உண்டு. முன்னதற்குப் பொறுப்பேற்கும் பயிற்றுநர் ஒருவர் அருகில் நிற்கிறார், மருத்துவ வசதி இருக்கிறது, அது எதற்காக என்று கேட்டால் பதிலும் இருக்கிறது. பின்னதற்கு இவை எதுவும் இல்லை. எங்கள் காலத்தில் நாங்களும் பட்டோம் என்ற வாதம் பல நாடுகளில் கேட்கும் வாதம்தான். அது எந்தப் பயிற்சி நோக்கத்தையும் விளக்குவதில்லை. தூக்கமின்மையும் அப்படியே. மைதானத்தில் தூக்கமின்றி முடிவெடுக்கப் பழகுவது பயிற்சி. அறைக்குத் திரும்பிய பின்னும் வாரக்கணக்கில் தூங்கவிடாமல் செய்தால், மறுநாள் துப்பாக்கிச் சுடும் திடலில் கவனம் பிசகுவதைத் தவிர வேறு பலன் கிடைக்காது.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. முதல் சில வாரங்கள் கைப்பேசி கிடைக்காமலோ, கிடைத்தும் சில நிமிடங்களுக்கு மேல் பேச முடியாமலோ போகலாம். அந்தச் சில நிமிடங்களில் பிள்ளை திரும்பி வந்துவிடுகிறேன் என்று அழுதால் உடனே பதறிக் கிளம்பிவிடவும் வேண்டாம், நம் மானம் போய்விடும் என்று மிரட்டவும் வேண்டாம். பெரும்பாலும் அன்று அவர்கள் சொல்வது களைப்பின் பேச்சு. அடுத்த அழைப்பில் வேறு குரலில் பேசுவார்கள். ஆனால் அதே வலியை, அதே அச்சத்தைத் தொடர்ந்து சொன்னால், மருத்துவரிடமும் பொறுப்பதிகாரியிடமும் கூறும்படி வற்புறுத்துங்கள். சேர்வதற்குச் சில மாதங்களுக்கு முன்பே சுமையுடன் நடக்கவும், கனமான காலணியில் பாதம் பழகவும், தம் துணியைத் தாமே துவைத்துத் தேய்க்கவும் பிள்ளைகளைப் பழக்கினால் அதுவே பெரிய உதவி.

அடுத்த பயிற்சி நிறைவு அணிவகுப்பைப் பற்றிச் செய்தி வெளியிடும்போது, சிறந்த பயிற்சியாளருக்கான வாளைப் பெற்றவருடன் ஒரு நேர்காணல் வருவது வழக்கம். அவரோடு, காயத்தால் ஒரு பருவம் பின்தங்கி அன்று பட்டம் பெறும் ஒருவரிடமும், அவருக்குக் கவாத்துப் பழக்கிய உஸ்தாத் ஒருவரிடமும் கழக நிர்வாகத்தின் இசைவுடன் பேசி, ஒரு சாதாரண நாள் எப்படிக் கழிகிறது என்பதை வாசகர்களுக்குத் தருமாறு தங்கள் நிருபர்களைக் கேட்டுக்கொள்கிறேன். முடிந்தால் அதைக் கல்வி வேலைவாய்ப்புப் பக்கத்தில் வெளியிடுங்கள். விண்ணப்பிக்கப் போகும் பிள்ளைகள் திறந்து படிக்கும் பக்கம் அதுதான்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பயிற்றுநர் ஒருவர்